கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றுமுன் எர்த் வயரைப் பாருங்கள், டீச்சர்

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. செம்பனைக் காட்டை ஒட்டிய எங்கள் வீட்டிலிருந்து பள்ளி ஐந்து கிலோமீட்டர்தான். ஏழு மாதத்துக்கு முன் ஒரு பழைய கார் கடையில் 2013-இல் வந்த எஸ்யூவி ஒன்றை 42,000 வெள்ளிக்கு வாங்கினோம். அப்போது 146,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எஞ்சின், கியர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. மின்சாரக் கோளாறுதான் உயிரை வாங்குகிறது. பள்ளி விடுமுறையில் மூன்று நாள் நிறுத்தி வைத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. பக்கத்து வீட்டுத் தம்பிதான் தன் வண்டி பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஜம்ப் பண்ணிக் கொடுக்கிறார். பேட்டரி இரண்டு முறை மாற்றியாயிற்று. மழை பெய்த காலைகளில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகாமல் காப்பது), ஸ்டியரிங், எஞ்சின் விளக்கு மூன்றும் சேர்ந்து எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானே அணைகின்றன. பின்பக்க வைப்பர் ஓடுவதில்லை. ரிவர்ஸ் கேமரா வந்து வந்து போகிறது. ஏர்கோன் காற்று நாலாம் நம்பரில் மட்டும்தான் வருகிறது. ஒரு பட்டறையில் "கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது, மாற்ற 2,800 வெள்ளி ஆகும்" என்கிறார்கள். மாற்றலாமா? இல்லை, வண்டியையே விற்றுவிடலாமா?

பதில்: டீச்சர், அந்த 2,800 வெள்ளியை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வண்டியையும் அவசரப்பட்டு விற்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் ஒரே கோளாறு மாதிரித் தெரியவில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நாலு சின்னக் கோளாறுகள் ஒரே வண்டியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பத்து வயது தாண்டிய வண்டியில் இது சகஜம். எல்லாவற்றையும் ஒரு பெட்டியின் தலையில் கட்டிவிட்டால் பட்டறைக்காரருக்கு வேலை சுலபம், உங்களுக்குத்தான் செலவு.

எஞ்சினையும் மற்ற பாகங்களையும் கட்டுப்படுத்தும் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி கெடவே கெடாது என்று சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் புகுந்தால் கெடும். ஜம்ப் பண்ணும்போது சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் கெடும். ஆனால் கெட்டுப்போன பெட்டி மழைக்காலையில் மூன்று விளக்கை எரியவிட்டு, பத்து நிமிடத்தில் தானே பிழைத்துக்கொள்வது அபூர்வம். ஈரத்தில் வந்து, சூட்டில் மறையும் கோளாறு என்றால் நான் முதலில் தேடுவது வயரையும் இணைப்பையும்தான்.

வண்டியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பார்த்துத்தானே சொன்னார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கேனர் காட்டும் கோளாறு எண் ஒரு புகார் மனு மாதிரி. யார் புகார் கொடுத்தார் என்று அதில் இருக்கும், குற்றவாளி யார் என்று இருக்காது. வோல்ட் இறங்கினால் முதலில் அலறுவது ஏபிஎஸ்ஸும் மின்சார ஸ்டியரிங்கும்தான். ஸ்டியரிங் மோட்டார் மிக அதிகமாக கரண்ட் இழுக்கும், அதனால் கொஞ்சம் குறைந்தாலும் அது தாங்காது. அந்த இரண்டும் எஞ்சினும் ஒரே நேரத்தில் விளக்கு எரியவிட்டால் மூன்று பாகமும் ஒரே காலையில் கெட்டுப்போயின என்று அர்த்தமில்லை. மூன்றுக்கும் பொதுவாகப் போகும் கரண்ட் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பொதுவான வழிகளில் ஒன்று எர்த் வயர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முப்பது வருட வேலையில் என்னை அதிகம் வருத்திய விஷயம் இது. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு தடித்த வயர் காரின் பாடிக்கும், இன்னொன்று எஞ்சினுக்கும் போகும். போன கரண்ட் திரும்பி வருவது அந்த வழியாகத்தான். நான் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் தன் காரைக் கொண்டுவந்தார். காலையில் ஸ்டார்ட் எடுக்கவில்லை, விளக்கு மங்கல். சேமநிதிப் பணத்தில் வாங்கிய கார் அது. பார்த்த மாத்திரத்தில், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்தான் கெட்டது என்று முடிவு செய்து மாற்றினோம். பணத்தை வாங்கிக்கொண்டோம். ஒரு வாரத்தில் அதே கோளாறோடு திரும்பி வந்தார். பிறகு எர்த் வயரைக் கழற்றிப் பார்த்தால், வெளியே கறுப்பு உறை புதுசு மாதிரி இருக்கிறது, உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பூத்து மாவாக உதிர்கிறது. கையில் தேய்த்தால் விரல் பச்சையாகிவிட்டது. இருபது வெள்ளிகூடப் பெறாத வயர். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை கோபப்படாமல், "தம்பி, முதல்லயே பாத்திருக்கலாமே" என்றார். அன்றிலிருந்து அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் நான் மாற்றச் சொன்னதில்லை.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதைக் கண்ணால் பார்த்துக் கேட்டு வாங்குங்கள். வோல்ட் அளக்கும் மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் உலோகத்திலும் இன்னொரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் வைத்துவிட்டு, ஸ்டார்ட் அடிக்கச் சொல்ல வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் வழியில் தடை இருக்கிறது. பாடிக்கும் நெகட்டிவ் கம்பத்துக்கும் நடுவிலும் இதே மாதிரி பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

பேட்டரி, ஆல்டர்னேட்டர் கணக்கும் அதே மீட்டரில் தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. சில வண்டிகளில் சுமை குறைவாக இருக்கும்போது எண்ணெய் மிச்சம் பிடிக்க வோல்ட்டைத் தானே இறக்கிவிடும். அதனால் ஹெட்லைட்டையும் ஏர்கோனையும் போட்டுவிட்டு அளக்கச் சொல்லுங்கள். இது தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. இன்னொன்று: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "ஆஃப் ஆகவில்லை, அப்போ ஆல்டர்னேட்டர் நல்லது" என்று பார்க்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து வண்டிக்கு அது சரி. உங்கள் வண்டியில் யாராவது அப்படிச் செய்யப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி, இதுவரை நன்றாக இருந்த கம்ப்யூட்டர் பெட்டி உண்மையாகவே போய்விடக்கூடும்.

சரி, மூன்று நாளில் பேட்டரி இறங்குவதற்கு வருவோம். இது எர்த் கோளாறு இல்லை. வண்டி தூங்கும்போது ஏதோ ஒன்று விழித்திருந்து கரண்ட் குடிக்கிறது. பூட்டி நிறுத்திய வண்டியும் கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும், 0.05 ஆம்பியருக்குள். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான், இரண்டு மூன்று வாரம் நிறுத்தினாலும் ஸ்டார்ட் எடுக்கும். அதுவே 0.6 ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 14.4, மூன்று நாளைக்கு 43. உங்கள் மாதிரி வண்டியில் இருப்பது சுமார் 60 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்றாம் நாள் எப்படி ஸ்டார்ட் ஆகும்? பேட்டரி இப்படித் திரும்பத் திரும்ப அடிவரை இறங்கினால் உள்ளே தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, புதுப் பேட்டரியும் சில மாதத்தில் பழசாகிவிடும். நம் ஊர் சூட்டில் நல்ல பேட்டரிக்கே இரண்டு, இரண்டரை வருடம்தான் ஆயுள். போதாக்குறைக்கு உங்கள் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர். ஸ்டார்ட் அடித்ததில் செலவானதைத் திரும்ப ஏற்றக்கூட நேரம் போதாது. ஆக, உங்கள் இரண்டு பேட்டரியும் தரம் கெட்டவை என்று நான் நினைக்கவில்லை. நோய் வேறு இடத்தில் இருக்க, அவற்றைத்தான் பலி கொடுத்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். நான் செய்வது இதுதான்: முன் பானெட்டைத் திறந்து வைத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, வண்டியை வெளியிலிருந்து பூட்டி, ரிமோட் சாவியை எட்ட வைத்துவிடுவேன். நெகட்டிவ் வயரைக் கழற்றி, கம்பத்துக்கும் வயருக்கும் நடுவில் ஆம்பியர் அளக்கும்படி மீட்டரைக் கோப்பேன். ஆரம்பத்தில் மூன்று, நாலு ஆம்பியர் காட்டும். பயப்பட வேண்டாம். பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரை மணி, முக்கால் மணி ஆகும். ஒரு தே தாரேக் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 0.03-க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் 0.6-லேயே நின்றால் பியூஸை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பிப்பேன். எந்த பியூஸை உருவும்போது எண் சட்டென்று விழுகிறதோ, கள்ளன் அந்த வழியில் இருக்கிறான். கழற்றிய மாத்திரத்தில் அளந்து பத்து நிமிடத்தில் தீர்ப்பு சொல்பவரை நம்பாதீர்கள். அப்போது எந்த வண்டியும் கரண்ட் குடித்துக்கொண்டுதான் இருக்கும்.

என் கையில் மாட்டிய கள்ளர்களில் பாதிக்கு மேல் வண்டியோடு வந்தவை இல்லை. பழைய சொந்தக்காரர் பிறகு மாட்டிய ஆண்ட்ராய்ட் பிளேயர், பார்க்கிங்கிலும் படம் பிடிக்கும் டேஷ்கேம், மலிவு அலாரம், இவைதான். சாவியை எடுத்தால் நிற்க வேண்டிய வயரை எப்போதும் கரண்ட் இருக்கும் வயரில் முறுக்கி, டேப் சுற்றி விட்டிருப்பார்கள். உங்கள் ரிவர்ஸ் கேமராவும் அப்படிப் பிறகு போட்டதாக இருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்பக்க வைப்பரும் கேமராவும் சேர்ந்து போனதற்கு எனக்கு ஒரே ஒரு சந்தேகம். எஸ்யூவியின் பின் கதவு மேலே தூக்கித் திறப்பது. கூரைக்கும் கதவுக்கும் நடுவில் கீல் பக்கம் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் மடிந்து மடிந்து நிமிரும். வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, மூன்றாவது பிரேக் விளக்கு, கேமரா, பூட்டு எல்லாவற்றின் வயரும் அதற்குள்தான் போகின்றன. பத்து வருடம் கறிகாய்ப் பையும் பள்ளிப் பெட்டியும் ஏற்றி இறக்கியதில் உள்ளே வயர் மடிப்பில் முறிந்திருக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஹேண்ட்பிரேக்கும் இருக்கட்டும். பின்னால் ஒருவர் நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று அந்த ரப்பர் குழாயை மெதுவாக அசைக்கட்டும். திரையில் படம் வந்து போனால் தீர்ந்தது விஷயம். வைப்பர் மோட்டார் வாங்க வேண்டியதில்லை. முறிந்த வயரை வெட்டி, வளையும் புது வயரை நீளமாக வைத்துப் பற்றவைத்தால் போதும். முறுக்கி டேப் ஒட்டினால் மூன்று மாதத்தில் மறுபடி வரும்.

ஏர்கோன் கோளாறு எல்லாவற்றிலும் சின்னது. உச்ச வேகமான நாலாம் நம்பர் மட்டும் வேலை செய்கிறதென்றால் காற்றை ஊதும் புளோவர் மோட்டார் நன்றாக இருக்கிறது. வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர்தான் கருகியிருக்கும். முன் பயணி காலடியில், கிளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஆனால் அது ஏன் கருகியது என்று பார்க்காமல் விடாதீர்கள். ஏர்கோன் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, மோட்டார் இறுகியிருந்தாலோ புது ரெசிஸ்டரும் கருகும். கையோடு அந்தக் காலடிக் கம்பளத்தையும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் ஏர்கோன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. பல வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் வீடு செம்பனைக் காட்டை ஒட்டி இருப்பதால் எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். அதற்குத்தான் தோட்டங்களில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள். ராத்திரி எஞ்சின் சூட்டுக்கு எலி ஏறி வரும். அதன் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்தாக வேண்டும், வயர் உறை அதற்கு வசதி. உறை போன வயரில் ஈரம் பட்டால் மழைக்காலையில் விளக்கு எரியும். எஞ்சின் மூடிக்குக் கீழே செம்பனைப் பழக் கொட்டை, புழுக்கை, கிழிந்த பஞ்சு ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் எர்த் வயரோடு அந்த வயர்க் கட்டையும் அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். அரிசி மூட்டை, கோழித் தீவனம், பூனைச் சோறு எதையும் வண்டிக் கொட்டகையில் வைக்காதீர்கள். எலியை விரட்டச் சிலர் அந்துருண்டையைப் பையில் கட்டி எஞ்சினில் தொங்கவிடுகிறார்கள். அதன் ஆவி ஏர்கோன் வழியாக உள்ளே வரும், பிள்ளைகளை ஏற்றிப் போகும் வண்டிக்கு வேண்டாம்.

இனிச் செலவு. இது என் கடைக் கணக்கு. ஈப்போவில் கொஞ்சம் கூடலாம். கரண்ட் கசிவைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் கூலி 120 வெள்ளி. எர்த் வயர் இரண்டும் புதிதாகப் போட 70. பின் கதவு வயர் பற்றவைக்க 150. புளோவர் ரெசிஸ்டர் கூலியோடு 130. மொத்தம் 470 வெள்ளி. இப்போதுள்ள பேட்டரி அடிபட்டுவிட்டது என்று சோதனையில் தெரிந்தால் இன்னொரு 330, ஆக 800. பேட்டரியை எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில் மாற்றுங்கள். வாரண்டி அட்டையில் மாதம் குறித்திருக்கும், அதை எடுத்துப் பாருங்கள், பணமே தேவைப்படாமல் போகலாம். அளந்து பார்த்து ஆல்டர்னேட்டர்தான் என்று தெரிந்தால் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். ரீகண்டிஷன் செய்தது 380 வாக்கில் கிடைக்கும், புது அசல் ஆயிரத்தைத் தாண்டும். பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் எடுத்தால் வாரண்டி எழுதி வாங்குங்கள்.

இந்த வயது வண்டியில் அடுத்து வரக்கூடியவை ஜன்னல் மோட்டார், கதவுப் பூட்டு மோட்டார், சக்கர ஏபிஎஸ் சென்சார். ஒவ்வொன்றும் நூறிலிருந்து முந்நூறுக்குள் அடங்கும், அவசரமும் இல்லை. ஹாரன் வேலை செய்யாமல் ஏர்பேக் விளக்கும் எரிந்தால் ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் வயர் போயிருக்கும். மஞ்சள் இணைப்புள்ள அந்த வயரில் டெஸ்ட் லைட்டோ மீட்டரோ வைக்க யாரையும் விடாதீர்கள், ஏர்பேக் வெடிக்கக்கூடும். தள்ளிப்போடக் கூடாதது ரேடியேட்டர் காற்றாடி மட்டும். ஏர்கோன் போட்டு வண்டியை நிறுத்தி வைத்தால் முன்னால் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்க வேண்டும். அது நின்றால் ஜாலான் லாசாவில் லோரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போதே எஞ்சின் கொதித்துவிடும். காற்றாடிக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயை மாற்ற ஐம்பது வெள்ளி ஆகும் இடத்தில் எஞ்சின் தலையைத் திறக்க ஆயிரக்கணக்கில் போகும்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் சொல்லுங்கள்: சிவப்பு முனை சிவப்புக்கு, கறுப்பு வயரின் கடைசி முனையை உங்கள் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் உலோகத்தில் மாட்ட வேண்டும். அப்படிச் செய்தால் பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் பொறி பறக்காது.

விற்பதா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லுமுன் நீங்கள் ஒன்று பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் ஏராளமான கார்கள் மூழ்கின. உங்கள் வண்டி அப்படிப்பட்டதா? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்குக் கீழே தண்டவாளத் திருகுகளில் துரு, ஸ்பேர் டயர் குழியின் மூலையில் காய்ந்த மண், உள்பக்க பியூஸ் பெட்டியில் வண்டல், இவற்றைப் பாருங்கள். இருந்தால் என் 470 வெள்ளிக் கணக்கு செல்லாது. மூழ்கிய வண்டியின் வயரிங் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டே இருக்கும், அதில் பணம் போடாதீர்கள்.

அப்படி இருந்தால் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கடையில் வாங்கிய பழைய வண்டிக்கும் பொருந்தும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் ஐந்தே வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். வாங்கிய ரசீது, பேட்டரி பில், 2,800 வெள்ளி என்று எழுதிக் கொடுத்த தாள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

வெள்ளம் பார்க்காத வண்டி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினும் கியரும் நன்றாக இருக்கும் வண்டியை 800 வெள்ளி வேலைக்குப் பயந்து விற்றால், இந்த விளக்குகளைக் காட்டியே ஐயாயிரம் குறைத்துக் கேட்பார்கள்.

பட்டறைக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை மாலையே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் எஞ்சினைத் தொடுமுன் முதலில் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். முந்தின நாள் எஞ்சினைக் கழுவாதீர்கள், அழுக்கும் எலி அடையாளமும் இருந்தால்தான் எங்களுக்குக் கோளாறு தெரியும். அளந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.